மேட்டுப்பாளையம் கேரட்டும் மாசிக் கும்மியும்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. ஆஸ்பத்திரிக்குப் போக அவிநாசியில் வண்டி எடுத்ததிலிருந்து தெக்கலூர் தாண்டும்வரை முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் துணி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அவர் கடை வேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை என்பதால் வண்டி முழுக்க வார்னிஷ் வாசம். முன்பெல்லாம் மூக்கைப் பொத்துவேன். இப்போது பிடிக்கிறது. ஆஸ்பத்திரி வாசத்துக்கு எவ்வளவோ தேவலை.

கரண்ட் வைக்க ஆரம்பித்து இது இரண்டாவது வாரம். டாக்டருக்கு ரேடியேஷன், ஊருக்குக் கரண்ட். தீபாவளி முடிந்ததும் ஆபரேஷன். இடது மார்பில் சின்னக் கட்டி, எடுத்தாயிற்று. மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதற்குத்தான் இது.

மெஷினுக்கு அடியில் படுத்ததும் மைக்கில் குரல். மூச்சை இழு, நிறுத்து. இடது பக்கம் ஆனதால், மூச்சை இழுத்து நிறுத்தினால் இதயம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுமாம். பலர் திணறுகிறார்களாம். எனக்குப் பிரச்சினையே இல்லை. மனசுக்குள் கும்மி அடி போட்டுக்கொள்கிறேன். ஒரு சுற்று முடிவதற்குள் "விடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

"நல்லா நிறுத்தறீங்கம்மா. யோகா பண்ணுவீங்களா?" என்றாள் அந்த டெக்னீஷியன் பெண்.

"இல்ல சாமி. கும்மிங்க."

மாசியில் அரங்கேற்றம். மார்ச் 1, ஞாயிறு, மாரியம்மன் கோவில் மைதானம். புரட்டாசியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன், பாதியில் இந்தக் கட்டி வந்து கெடுத்தது. ஆனால் வரிசையில் என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மல்லிகா என் ஜோடி. நான் போகாத நாளெல்லாம் காற்றோடு கை தட்டிப் பழகுகிறாளாம்.

நான் ஆடியாக வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, புதன்

புதன்தோறும் டாக்டர் பார்ப்பார். கையைத் தூக்கச் சொன்னார். தலைக்கு மேலே போய் நின்றது. மார்கழியில் தோள் உயரத்துக்கு மேல் ஏறவே இல்லை. சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகியது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

கேட்டுவிட்டேன். "மார்ச் ஒண்ணாந் தேதி ஆடலாமுங்களா டாக்டர்?"

"தாராளமா ஆடலாம். ஆனா போகப் போகத் தோல் சிவக்கும், கறுக்கும். அக்குள்கிட்ட சிலருக்குத் தோல் பிரிஞ்சு தண்ணி விடும். அப்படி ஆச்சுன்னா வேர்வையோட ஆடக் கூடாது. பாத்துக்கலாம்."

ஆக எல்லாம் தோலைப் பொறுத்தது. எனக்குப் புரியாததா? பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனை இத்தனை வருஷமாக மேய்க்கிறேன். தையல் பிரிந்த பீஸ் பாஸ் ஆகாது.

நர்ஸ் சொன்னவை: சோப்பு வேண்டாம். மஞ்சள் பூச வேண்டாம். கரண்ட்டுக்கு அடையாளமாகத் தோலில் பேனாவில் போட்ட கோடு அழியக்கூடாது. தளர்ந்த காட்டன் மட்டும். அந்தக் காட்டனுக்காகக் கம்பெனியிலிருந்து ரிஜெக்ட் பனியன் ஒன்று எடுத்து வந்தேன். பெரிய சைஸ், நெஞ்சில் டைனோசர். அமெரிக்காக்காரன் வேண்டாம் என்றது எனக்குச் சுகமாக இருக்கிறது. டைனோசரின் வால் தையலுக்குள் போய்விட்டது, அதனால் ரிஜெக்ட். ரிஜெக்ட் செய்தவளும் நானே.

பிப்ரவரி 5, வியாழன்

மேட்டுப்பாளையத்திலிருந்து நங்கை வந்தார். ருக்மணி நங்கை, என் அண்ணன் மனைவி. அண்ணனுக்கு அங்கே மண்டியில் ஊட்டி கேரட் வியாபாரம். ஆபரேஷன் முடிந்ததிலிருந்தே எங்கள் வீட்டுக்கு மூட்டையில்தான் கேரட் வருகிறது. இன்று மூட்டையோடு ஒரு பச்சைப் பாட்டிலும். மேலே கொட்டை எழுத்தில் ஆன்டி ஆக்ஸிடன்ட். (எழுதவே கை வலிக்கிறது. இனி ஆ.ஆ.) உள்ளே கேப்சூல். கேரட் சத்து, நெல்லிக்காய்ச் சத்து, மஞ்சள் சத்து, இன்னும் வாயில் நுழையாத பேர்கள்.

"கரண்ட் வெச்சா நல்ல செல்லெல்லாம் வெந்து போயிருமாமா அம்மணி. இத முழுங்குனா நல்ல செல்லுக்கு முன்னால நின்னு தாங்கிக்குமாமா. எங்க யோகா கிளாஸ்ல ஒருத்தங்க சொன்னாங்க."

வீட்டுக்காரருக்கு உடனே பிடித்துவிட்டது. "மோட்டாருக்கு எர்த் குடுக்கறமே, அதாட்டங்களா?"

"எர்த்தேதானுங்கண்ணா!"

எங்கள் பக்கத்தில் ஒரு விஷயம். கொண்டுவந்ததை, கொண்டுவந்தவர் கண்ணெதிரே வாயில் போட்டால்தான் வந்தவர் நாற்காலியை விட்டு எழுவார். வேண்டாம் என்றால் பொருளை அல்ல, ஆளையே வேண்டாம் என்றதாக ஆகிவிடும். முழுங்கினேன். நங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மரியாதைக்காக மட்டும் முழுங்கவில்லை. எனக்கும் ஆசைதான். நல்ல செல் தப்பித்தால் தோல் தப்பிக்கும். தோல் தப்பித்தால் கும்மி.

பிப்ரவரி 9, திங்கள்

பனி குறைந்தது. காரமடைப் பக்கமிருந்து தக்காளி லாரிகள்.

கரண்ட் முடிந்து வெளியே வந்தால் டயட்டீஷியன் அறைக்குப் போகச் சொன்னார்கள். சின்னப் பெண், பெரிய கண்ணாடி. காலையில் என்ன, மதியம் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு, "வேற ஏதாவது சத்து மாத்திரை, பவுடர்?" என்றாள். பெருமையாகப் பச்சைப் பாட்டிலை எடுத்து வைத்தேன்.

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். நான் குறை இருக்கும் பீஸைப் பார்க்கும் அதே பார்வை.

"அம்மா, கரண்ட் எப்படி வேலை செய்யுது தெரியுங்களா? உள்ள போயி துடுக்கான துணுக்குகளைக் கிளப்பி விடுது. ஃப்ரீ ராடிக்கல்னு சொல்லுவாங்க. அதுக முட்டி மோதித்தான் கெட்ட செல்லு உடையறதுல பாதி வேலை நடக்குது. ஆ.ஆ.வோட வேலை அந்தத் துடுக்குகளைப் புடிச்சு உக்கார வெக்கறது. நல்ல செல்லுக்குக் காவல்ங்கறது நெசந்தானுங்க. ஆனா மாத்திரைக்கு இது நல்லது, இது கெட்டதுன்னு அடையாளம் தெரியாதே. கெட்டதுக்கும் சேத்திக் காவல் நின்னுருச்சுன்னா?"

பாட்டிலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அப்ப கேரட்டு, நெல்லிக்காயெல்லாம் விசமுங்களா?"

"ஐயோ இல்லீங்க. சாப்பாடாச் சாப்பிடுங்க. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா, கீரை, தக்காளி ரசம். ஒரே வேளைல ஒரு கூடை நெல்லிக்காய யாரும் தின்ன மாட்டாங்க. இதுல கூடையவே சுருக்கி வெச்சிருக்காங்க. பெரிய டாக்டருங்களே இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லலீங்க. நல்லதுங்கறவங்களும் இருக்காங்க, வேண்டாங்கறவங்களும் இருக்காங்க. தெரியாத வரைக்கும் எதுக்கு? கரண்ட் முடியற மட்டும் வேண்டாம்."

நல்ல செல்லுக்குத் தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளத் தெரியுமாம். கெட்டதுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவாம். அதனால்தான் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட். ரிப்பேருக்குச் சரக்கு வேண்டும், முட்டை பருப்பு மீன் சாப்பிடுங்கள் என்றாள்.

கூடவே உட்கார்ந்திருந்த இவர் விடுவாரா? "தானே காயில் கட்டிக்கற மோட்டாருங்களா? அப்ப நான் கடையச் சாத்திப்போட வேண்டியதுதான்!"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வியாழனிலிருந்து முழுங்கியது எல்லாம் உள்ளே யாருக்குக் காவல் நின்றதோ? டாக்டர் அறை வாசலில் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்தவர் கேட்டுவிட்டு, "நிறுத்தியாச்சுல்ல? கொஞ்ச நாள்தானே. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, போய் நல்லாச் சாப்பிடுங்க" என்றார். அவர் குரலில் அவசரமே இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

திரும்பும்போது உக்கடம் மீன் மார்க்கெட். கட்லா. அவர் செதிலைப் பார்த்து வாங்கினார், நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஃப்ரிட்ஜைத் திறந்தால் மேலே விழுகிறது. உள்ளே இருப்பவை:

கேரட், இரண்டு தட்டு முழுக்க. கேரட் ஜூஸ், நங்கையின் எவர்சில்வர் தூக்கில். மல்லிகா கொடுத்த நெல்லிக்காய்த் தொக்கு. கம்பெனிப் பிள்ளைகள் கொண்டுவந்த மாதுளை. யாரோ கொடுத்த பீட்ரூட் அல்வா (யார் என்று நினைவில்லை, டப்பாவில் பேர் இல்லை, அவர்கள் டப்பாவைக் கேட்டு வந்தால் தெரியும்). பால் வைக்க இடமில்லை.

எல்லாவற்றையும் நானே குடித்துத் தீர்த்தால் அதுவும் கூடைக் கணக்குத்தானே. நங்கை போன் செய்து "சாப்புட்டியா?" என்று கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் குரலே காட்டிக்கொடுக்கும்.

"உடு அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்கவில்லை. பச்சைப் பாட்டிலை எடுத்துப்போய் அவருடைய டூல்ஸ் அலமாரியில் வைத்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

வெயில் ஏறுகிறது. இடது பக்கம் இளஞ்சிவப்பு. முதல் துவைப்பு முடிந்த சாயத்துணி மாதிரி.

நங்கை போன். நான் எடுப்பதற்குள் இவர் பிடுங்கிக்கொண்டார். "எல்லாம் தீந்து போச்சுங்க! ஆமாங்க, தூக்குக் கூடக் கழுவி வெச்சாச்சுங்க."

குரலில் பொய் தெரியவில்லை. ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் இவருக்குப் பொய் சொல்லவே வராது, சீட்டாட்டத்தில்கூடத் துருப்பு வந்தால் காது சிவந்துவிடும்.

சாயங்காலமே மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் கையில் இன்னொரு மூட்டை வந்து இறங்கியது. தப்பு எங்களுடையது. காலி டப்பா போனால் தீர்ந்தது என்று அர்த்தம். தீர்ந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் நாங்கள் வெறும் டப்பா அனுப்ப மாட்டோம், மத்தியானமே இவர் நங்கையின் தூக்கில் முறுக்கு வைத்து பஸ்ஸில் அனுப்பினார். முறுக்கு போனால் கேரட் வராமல் என்ன செய்யும்?

பிப்ரவரி 15, ஞாயிறு

கரண்ட்டுக்கு விடுமுறை. சாயங்காலம் கோவில் மைதானம், பயிற்சி பார்க்கப் போனேன். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. வாத்தியார் மைக்கில் பாட, வரிசை வரிசையாகப் பெண்கள் குனிந்து நிமிர்ந்து தட்ட, மண் கிளம்பியது. கால் சும்மா இருக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் அதுபாட்டுக்கு அடி வைத்தது.

வாத்தியார் பார்த்துவிட்டார். "அக்கா, நாக்காலியே ஆடுதுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அப்புறம் மல்லிகா அந்தக் காலி இடத்தில் காற்றோடு தட்டுவதைப் பார்த்தேன். அவள் கை என் கை இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்று, சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். அக்குள் ஓரம் அடர்ந்த சிவப்பு, கொஞ்சம் எரிச்சல். இன்னும் எத்தனை நாள் கரண்ட் பாக்கி! இப்போதே இப்படி என்றால்?

அவர் குளிக்கப் போன நேரம் டூல்ஸ் அலமாரியைத் திறந்தேன். பச்சைப் பாட்டில் இருந்தது. ஒன்றே ஒன்று. தோலுக்காக மட்டும். கேப்சூலிடம் சொல்லி அனுப்ப முடியுமானால் சொல்லியிருப்பேன், நீ தோலோடு நின்றுகொள், உள்ளே போகாதே என்று. நாக்கில் வைத்தேன். தித்திப்பாக இருந்தது.

துப்பிவிட்டேன். வாஷ்பேசினில், தண்ணீர் ஊற்றி, இரண்டு முறை.

கும்மி அடுத்த மாசியிலும் வரும். நானும் அடுத்த மாசியில் இருக்க வேண்டுமே.

அப்புறம் ஒரு நெல்லிக்காயை உப்புத் தொட்டுத் தின்றேன். முகம் கோணியது. தண்ணீர் குடித்தேன், இனித்தது. மனசு லேசாகிவிட்டது.

மறக்காமல் கேட்க வேண்டும்: பாட்டிலில் பாதிதான் இருக்கிறது. நான் சாப்பிட்டது கொஞ்சம்தானே.

பிப்ரவரி 17, செவ்வாய்

கும்மிச் சேலை வந்துவிட்டது! சந்தன நிறம், அரக்கு பார்டர். எல்லோருக்கும் ஒரே சாய லாட் என்றார்கள், நான் நம்பவில்லை. மல்லிகாவுடையதையும் என்னுடையதையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஷேட் ஒன்றுதான். பாஸ்.

"ஏனுங்க, சித்த இந்தத் தலப்பப் புடிங்க" என்றேன். அவர் இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தார்.

சந்தனச் சேலை மேல் அவர் உள்ளங்கை. மஞ்சள். மஞ்சள்கூட இல்லை, ஆரஞ்சுக்குப் போகும் மஞ்சள். வார்னிஷ் கறையோ என்று தேய்த்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னேன். பாதமும் அதே ஷேட்.

மஞ்சள் காமாலை! என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் கூட்டிப்போய், நேரத்துக்குச் சாப்பிடாமல், வேனிலேயே தூங்கி... என் நோயைப் பற்றிக் கேட்டபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. இவர் இல்லாமல் நான் கரண்ட் வைத்து என்ன, கும்மி ஆடி என்ன?

"ஒண்ணுமில்ல அம்மணி, நல்லாத்தான இருக்கறேன்" என்கிறார். காது சிவந்திருக்கிறது.

மல்லிகா வாசல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய் கீழாநெல்லி பறித்து அரைத்துக்கொண்டு வந்தாள். அவள் கண்ணெதிரே அதையும் குடித்தார், பாவம்.

பிப்ரவரி 18, புதன்

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

டாக்டர் அறைக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "டாக்டர், என்னையப் பொறகு பாக்கலாங்க, மொதல்ல இவியளப் பாருங்க."

டாக்டர் உள்ளங்கையைத் திருப்பினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தினம் எவ்வளவு கேரட் சாப்பிடறீங்க?"

இவர் தரையைப் பார்த்தார். "ஒரு... தூக்கு ஜூஸுங்க. அப்புறம் சும்மா கடிக்கறதுங்க."

"எத்தனை நாளா?"

"ஆபரேசனுக்குப் பொறவு அம்மணி மிச்சம் வெச்சத. போன வாரம் மாத்திரை வேண்டாம்னதுல இருந்து முழுசும் நாந்தானுங்க. அந்தப் பச்சப் பாட்டலும்."

காமாலை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேரட்டின் நிறம் தோலில் ஏறியிருக்கிறது. நிறுத்தினால் மெல்ல மெல்லத் தானே இறங்கிவிடுமாம். சந்தேகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், அதிலும் ஈரலில் ஒன்றுமில்லை. டாக்டர் கடைசியில் அடக்க முடியாமல் சிரித்தே விட்டார். "கரண்ட் வெக்கறது இவங்களுக்கு, காவல் மாத்திரை உங்களுக்கா?"

வேனில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள்? அவர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நங்கை கேட்டா என்ன சொல்றது? தீந்து போச்சுன்னு சொன்னா நெசமாத் தீந்திருக்கோணுமல்லொ. எனக்குப் பொய் சொல்ல வராதே." அப்புறம் சாவியை உருட்டிக்கொண்டே, "நீ திங்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. செரி. ஆனா உனக்குன்னு வந்தத எப்படி அம்மணி குப்பைல கொட்டறது? மனசு வல்ல."

அந்த ஆரஞ்சுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சாவியைப் போட ஒரு கை வேண்டும் என்றார். இருக்கட்டும், கொஞ்ச நேரம் என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நங்கைக்கு நானே போன் செய்தேன். மாத்திரை, டயட்டீஷியன், இவர் உள்ளங்கை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் உனக்குக் கெடுதலா பண்ணிப்போட்டேன்?" குரல் உடைந்திருந்தது.

"இல்லீங் நங்கை. கொஞ்ச நாள்தானுங்க, ஒண்ணும் ஆகலைன்னு டாக்டரே சொல்லிப்போட்டாங்க. நீங்க ஆசையாத்தான கொண்டாந்தீங்க."

"வெறுங்கையோட எப்படி அம்மணி நோயாளியப் பாக்க வாரது? எனக்கு வேறென்ன பண்ணத் தெரியும் சொல்லு?"

அது என் நெஞ்சில் தைத்தது. எனக்கும் அதுதானே தெரியும். யாருக்கு என்ன வந்தாலும் பழம் வாங்கிக்கொண்டு ஓடுகிறவள்தானே நானும். சட்டென்று சொல்லிவிட்டேன்: "மார்ச் ஒண்ணாந் தேதி அரங்கேத்தத்துக்கு வாங்க. வெறுங்கையோட வாங்க. அது ஒண்ணுதானுங் எனக்கு வேணும்."

"வெறுங்கையோடயா?" நான் ஏதோ வீட்டை எழுதிக் கேட்ட மாதிரி.

"வெறுங்கையோட."

"பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். பார்க்கிறேன் என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூட்டை வரும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சூடு. மின்விசிறிக்கு நேரே படுத்தே கிடந்தேன். எழுந்தால் அசதி, படுத்தால் அசதி. சென்னிமலைப் போர்வையைத் தரையில் விரித்து அதன் மேல். அரிசிம்பருப்புஞ் சோறும் ஒரு முட்டையும் இறங்கியது.

அக்குளில் ஒரு இடம் கறுத்து, ஓரம் லேசாக உரிகிறது. தண்ணீர் விடவில்லை. இன்னும். நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோ? கேப்சூல் எடுத்திருந்தால் உரிந்திருக்காதோ என்று ஒரு நினைப்பு வந்து போனது. வந்தது, போனது. அவ்வளவுதான்.

அவர் கை கழுவும்போதெல்லாம் நிறம் இறங்கியதா என்று பார்க்கிறார். இறங்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். "மருதாணிங்க" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டாராம். பொய் சொல்லப் பழகிவிட்டார்.

பிப்ரவரி 25, புதன்

காய்ந்த உரிதல்தானாம்! ஈரம் இல்லை!

"ஆடலாம். ஆனா முழுசும் வேண்டாம். கடைசிப் பாட்டுக்கு மட்டும் எறங்குங்க. உள்ள மெத்துன்னு காட்டன் போடுங்க. முடிச்சதும் தொடச்சுட்டு, இந்தக் களிம்பு."

உள்ளே என்ன போடுவது என்று எனக்குத் தெரியும். டைனோசர் பனியனின் கையை வெட்டி உள்பனியனாகத் தைத்துவிட்டேன். சந்தனச் சேலைக்கு அடியில் அமெரிக்க டைனோசர். யாருக்கும் தெரியாது.

வாத்தியாரிடம் சொன்னேன். "கடசிப் பாட்டா? அதுதானக்கா வேகம் சாஸ்தி" என்று தலையைச் சொறிந்தார். "செரி, உங்களுக்காக ஒரு சுத்து மெதுவா ஆரம்பிக்கறேன்."

பிப்ரவரி 27, வெள்ளி

கடைசிக் கரண்ட். மூச்சை இழு, நிறுத்து, கும்மி அடி, விடு. மெஷினுக்கு ஒரு கும்பிடு. டெக்னீஷியன் பெண்ணுக்குக் கொய்யாப்பழம். "சாப்பாடாத்தான் சாப்புடோணும்" என்றேன். சிரித்துக்கொண்டே என் கண்ணெதிரே கடித்தாள். நல்ல வளர்ப்பு.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரவேண்டும், பார்ப்பார்கள். வரட்டும். வருகிறேன்.

மார்ச் 2, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கால் வலி. இனிய கால் வலி.

மைதானம் முழுக்க வெளிச்சம், சந்தனச் சேலைகள், மண் வாசம். நான் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், சேலை கட்டிக்கொண்டு, கடைசிப் பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இவர். அவருக்குப் பக்கத்தில் அண்ணன். ஒரு நாற்காலி காலி.

மூட்டை தூக்கிக்கொண்டு வருவதால் தாமதம் என்று நினைத்தேன். பாட்டு பாதி நடக்கும்போது நங்கை வந்தார். பையில்லை. டப்பாவில்லை. ஒரு வாழைப்பழம்கூட இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் விட்டார், எடுத்தார், மடியில் வைத்தார், மறுபடி எடுத்தார். இந்த வயதில் அவர் எங்கும் இப்படிப் போனதில்லை என்று எனக்குத் தெரியும். கூட்டம் முழுக்கத் தன் கையையே பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்காக அவர் கொண்டுவந்ததிலேயே பெரியது அதுதான்.

கடைசிப் பாட்டு. வாத்தியார் மைக்கில், "எங்க அக்கா ஒருத்தங்க எறங்கறாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. நன்றி.

என் இடம். இத்தனை மாதம் காற்று ஆடிய இடம். மல்லிகா கையை நீட்டினாள். தட்டினேன். சத்தம் வந்தது!

அவள் ஒரு நொடி அடி தவறினாள். நானும் தவறினேன். செக்கிங்கில் இருந்தால் ரிஜெக்ட். பிறகு பிடித்துக்கொண்டோம். வாத்தியார் சொன்னபடி மெதுவாகத்தான் ஆரம்பித்தார், அப்புறம் மறந்துவிட்டார். இடது கை தலைக்கு மேல் போனது, இறங்கியது, மறுபடி போனது. எரிந்தது. எரியட்டும். மூச்சு நின்றது, மூச்சை நிறுத்த எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

ஒரு சுற்றில் முன்வரிசைப் பக்கம் திரும்பும்போது பார்த்தேன். நங்கை தட்டுகிறார். வெறுங்கையால், வலிக்க வலிக்க, எங்கள் அடியோடு சேர்ந்து. பக்கத்தில் இவர், தாளமே இல்லாமல், கண்ணைத் துடைக்காமல், அத்தனை விளக்கு வெளிச்சத்திலும் தனியாகத் தெரியும் அந்த ஆரஞ்சுக் கைகளால் தட்டிக்கொண்டிருந்தார்.